சரசக்கா வைத்த தக்காளிக் கூறு

இன்று காலை ஆன்லைனில் வந்த தக்காளிப் பையைப் பிரித்தேன். மேலே எல்லாம் பளபளப்பு. அடியில் இரண்டு பழம் கூழாகிக் கிடந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சரசக்கா மீதுதான் கோபம் வந்தது. பாவம், இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

பல வருஷங்களுக்கு முன் நாங்கள் ஒத்தக்கடையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். கடையில் காய் விலையைக் கேட்டாலே வயிறு எரியும். அதனால் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினோம். பக்கத்து வீட்டுச் சரசக்கா திங்கட்கிழமை விடியலில் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போய், பெட்டித் தக்காளியும் காயும் கொண்டுவந்து கூறு போடுவார். கூறு போட்டவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், அது எங்களுக்குள் பேச்சு. மூன்றாவது வீட்டுக்காரர் கூடவே நின்று தன் கூறை எடுத்துப் போய்விடுவார். எனக்கோ ஆபீஸ் அவசரம்.

"நீ கெளம்பு புள்ள. ஒன் கூற நானே வீட்ல கொண்டாந்து வைக்கிறேன்" என்பார்.

உருகிப் போவேன். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா என்று வீட்டில் பெருமை வேறு.

ஆனால் என் வீட்டுத் தக்காளி புதன்கிழமையைத் தாண்டாது. கல்யாணச் சீராக வந்த சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தது, பாதி நேரம் கரண்ட் இல்லாமல் அலமாரியாகத்தான் நின்றது. காகிதத்தில் சுற்றினேன், ஈரத்துணி போட்டேன், காம்பைத் திருப்பித் திருப்பி வைத்தேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் புளிக்குழம்பும் அப்பளமும்தான். மாமியார் சும்மா இருப்பாரா?

"காசக் குடுத்து வாங்கிக் குப்பையில கொட்டவும் ஒரு கைராசி வேணும்த்தா!"

நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை பர்ஸை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்து, கனிந்து வெடித்ததை என் கூடையிலும் கெட்டியானதைத் தன் முறத்திலும் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"ஒன் வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குல்ல. எனக்கு ஏது? கெட்டியா எடுத்தாத்தான் எம் புள்ளைகளுக்கு வாரம் பூரா ஓடும்."

"சொல்லிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்லக்கா?"

"ஒங்கிட்டக் கேட்டு வாங்கவா? அம்புட்டுக் கேவலமாவா போயிட்டேன்?"

எடுக்கலாமாம், கேட்கத்தான் கூடாதாம். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். தக்காளிக்காக அழுத ஒரே குமாஸ்தா நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு அவரவர் காயை அவரவர் வாங்கினோம். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அக்கா குடும்பம் வீட்டைக் காலி செய்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வரிசை வீடும் இப்போது இல்லை, இடித்து மாடி கட்டிவிட்டார்கள்.

அழுகிய காயை எப்போதோ மறந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கக்கூட முடியாத அந்நியளாக என்னை வைத்திருந்தாரே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.