சந்தேகசாமியின் சுழல் பில்லை

மகள் பிறந்த அன்று, குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன் அதன் காலில் கட்டியிருந்த அட்டையைப் படித்தவர் அவர். மனைவியின் பெயர் சரியாக இருந்தது. கட்டில் எண்ணும் சரியாக இருந்தது. ஆனாலும் நர்ஸைப் பார்த்து, "இன்னைக்கு இங்க வேற எத்தனை குழந்தை பிறந்துச்சு?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுதான் சார்."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.

மாத்திரை வாங்கினால் வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்து பார்ப்பார். வீட்டைப் பூட்டினால் அவர் ஓர் இழுப்பு, மனைவி ஓர் இழுப்பு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி ஓர் இழுப்பு. மனைவியின் தம்பிதான் அவருக்குச் சந்தேகசாமி என்று பெயர் வைத்தவன். "எங்க மாமா கண்ணாடி முன்னாடி நின்னா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுப்பாங்க" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வான். அவரும் சிரிப்பார். மச்சானின் வாய் அப்படி.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அவர் வடிவமைப்பாளர். மச்சான் ஸ்டோர் கீப்பர். அவர் வடிவமைத்தது பர்னர்களுக்கான நாசில். சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். பாய்லருக்குள் எண்ணெயைத் தெளிப்பது அதன் வேலை. எண்ணெய் அப்படியே எரியாது. அதைப் பனி மாதிரி உடைக்க வேண்டும். அழுத்தம் கொடுத்த எண்ணெயைச் சின்ன வட்ட அறைக்குள் பக்கவாட்டில், சுவரை உரசியபடி நுழைய விட்டால் அது பம்பரமாகச் சுழலும். சுழன்றபடியே முன்பக்கத் துளை வழியாக வெளியே வரும்போது குடை விரிகிற மாதிரி விரிந்து, மெல்லிய சவ்வாகி, கிழிந்து, துளிகளாகச் சிதறும். அந்தக் குடையின் கோணத்துக்காக அவர் தன் வயதில் பாதியைச் செலவழித்தார்.

எண்ணெயைச் சுழல வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நடுவில் ஓட்டை, ஓட்டையைத் தொடுகிற மாதிரி சாய்வாக வெட்டிய காடிகள், அதாவது எண்ணெய் ஓடுகிற பள்ளங்கள். பழைய பில்லையில் காடி ஒரு முகத்தில் மட்டும்தான் இருந்தது. பொருத்துகிற பெண்கள் அவசரத்தில் முகம் மாற்றிப் போட்டுவிட்டால் எண்ணெய் சுழலாது. குடைக்குப் பதிலாக ஒற்றைக் கம்பியாகப் பீய்ச்சும். சோதனை மேஜையில் அப்படி ஒன்று வந்தால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

"இவங்க தலைகீழாத்தான் போடுவாங்க. போடறதுக்குன்னே போடுவாங்க" என்பார்.

ஆகவே காடிகளைப் பில்லையின் முழுத் தடிமனுக்கும் வெட்டினார். இரண்டு முகமும் ஒன்றுபோல ஆயிற்று. எந்தப் பக்கம் வைத்தாலும் எண்ணெய் சுழலும், குடை விரியும். சுற்றிலும் வட்டமாகக் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, எல்லாவற்றிலும் ஒரே மட்டத்துக்கு எண்ணெய் சேர்கிறதா என்று பார்த்தார். சேர்ந்தது. இனி யாரும் தப்புச் செய்ய முடியாது என்று முதலாளியிடம் சொன்னார். யாரையும் நம்பாத ஒரு மனிதர், யாரையும் நம்பத் தேவையில்லாத ஒரு பொருளைச் செய்துவிட்டார். அந்த வாரம் வீட்டுப் பூட்டை அவர் இரண்டு தடவைதான் இழுத்தார்.

புகார்கள் மழைக்காலத்தில் ஆரம்பித்தன. சலவை நிலையம் ஒன்றிலிருந்து முதல் பெட்டி திரும்பி வந்தது. சுடர் நீண்டு மஞ்சளாக எரிகிறதாம், பாய்லர் சுவரெல்லாம் கரி படிகிறதாம், சில நேரம் அணைந்தே போகிறதாம். திரும்பி வந்த நாசில்களை அவர் மேஜையில் மாட்டினார். குடை அழகாக விரிந்தது. கண்ணாடிக் குழாய்கள் ஒரே மட்டத்தில் நிறைந்தன.

"அவனுங்க எண்ணெய்ல கலப்படம்" என்றார்.

அடுத்து ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. பிறகு இன்னொரு ஊரிலிருந்து. எல்லாரும் ஒரே கலப்பட எண்ணெயை வாங்க முடியாது. முதலாளி ஒரு பர்னரை இரவல் வாங்கிக் சோதனைக் கொட்டகைக்குள் நிறுத்திக் கொடுத்தார். அவர் தன் கையால் பொருத்திய நாசிலைப் போட்டார். சுடர் குட்டையாக, கெட்டியாக, சத்தமில்லாமல் நின்றது. திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். சுடர் வாலை நீட்டிக்கொண்டு புகைந்தது. இன்னொன்று நன்றாக எரிந்தது. அதற்கடுத்தது புகைந்தது.

அவர் மேஜையிலிருந்து போவது நல்லது. வெளியிலிருந்து திரும்பி வருவதில் பாதி கெட்டது. நடுவில் இருப்பது ஸ்டோர் மட்டும்தான். யாரோ நல்ல சரக்கை எடுத்துவிட்டுப் போலியைக் கலக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அது அவருடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. இவ்வளவு சுத்தமாகப் போலி செய்கிறவன் உள்ளாளாகத்தான் இருப்பான்.

மச்சானைக் கவனிக்க ஆரம்பித்தார். ஸ்டோர் வாசலில் அவர் தலை தெரிந்ததும் மச்சான் போனை வைத்தான். வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். மதியம் வண்டிப் பெட்டிக்குள் எதையோ காகிதத்தில் சுற்றி வைத்தான். அவர் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தலைமுடிக்கு அடிக்கிற கறுப்புச் சாயம். மூடிவிட்டு நகர்ந்தவருக்கு நிம்மதி வரவில்லை. இந்த வயசில் இவனுக்கு எதற்குச் சாயம், யாருக்காக என்று அடுத்த கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "பெரிய ஆர்டர் கையை விட்டுப் போகுது. எங்க கோளாறுன்னு நீங்க சொன்னா போதும். உங்க வார்த்தைக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "டிசைன்ல இல்ல. ஸ்டோர்ல பாருங்க."

"ஸ்டோர்ல உங்க மச்சான்."

"தெரியும்."

அன்று சாயங்காலம் கேட்டில் மச்சானின் பையை வாட்ச்மேன் சிமெண்டுத் தரையில் கொட்டினான். சாப்பாட்டு டப்பா, குடை, மனைவிக்கு வாங்கிய காது சொட்டு மருந்து. ஷிப்ட் முடிந்த கூட்டம் மொத்தமும் நின்று பார்த்தது. எதுவும் கிடைக்கவில்லை. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மச்சான் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டபோது டப்பாவின் மூடி அவர் காலடியில் உருண்டு வந்தது. அவர் குனியவில்லை.

வீட்டில் மனைவி கத்தவில்லை. தட்டை வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாத்தீங்களா, அவன் எடுத்ததை?"

"பாக்கணும்னு இல்ல. வேற வழியே இல்லை."

"அவனுக்கு ரெண்டு பொண்ணு. இனிமே எவன் அவன்கிட்ட சாவி குடுப்பான்?"

"தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?"

"நான் தம்பியைப் பத்தி மட்டும் பேசல," என்றாள். "நாளைக்கு என்மேல வந்தாலும் இதையேதான் சொல்வீங்க." தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மச்சானின் பிழைப்பே போகும் என்பது அவருக்கும் புரிந்துதான் இருந்தது. அதனால்தான் கையும் களவுமாக நிரூபித்துவிட வேண்டும் என்று தோன்றியது. தான் சொன்னது உண்மை என்று ஆகிவிட்டால், அதைச் சொன்ன பாவம் இல்லாமல் போய்விடும் அல்லவா? விடுமுறை நாள் காலையில் கொட்டகையைத் திறந்தார். உள்ளே நுழைந்து தாழ்ப்பாளும் போட்டார். புகைகிற போலி ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாகக் கழற்றினார். துளை வாய், பில்லை, பிடிமானம், வடிகட்டி என்று ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் அவர் போட்ட அளவு. இடுக்கியிலிருந்து பில்லை நழுவி மேஜையில் விழுந்தது. எடுத்து வைத்து மறுபடி பூட்டி, பர்னரில் மாட்டினார்.

சுடர் குட்டையாக, கெட்டியாக நின்றது.

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நாசிலைக் கழற்றினார். அதே வாய். அதே பில்லை. கழற்றும்போது அடையாளத்துக்காக அவரே விளிம்பில் போட்ட சின்னக் கீறல் இருந்தது. கண் கதவிலேயே இருக்க, பார்க்காமலே திரும்பப் பூட்டினார். இந்தத் தடவை புகைந்தது. மறுபடி கழற்றிப் பூட்டினார். மறுபடி நல்ல சுடர். பொருள் மாறவில்லை. ஆளும் மாறவில்லை. அந்தக் கொட்டகையில் அவரைத் தவிர யாருமே இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, சந்தேகப்படுவதற்கு அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து பில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். காடிகள் இடமிருந்து சாய்ந்து ஓட்டையைத் தொட்டன. திருப்பினார். வலமிருந்து தொட்டன.

எந்தப் பக்கம் வைத்தாலும் சுழலும், சரிதான். ஆனால் ஒரு பக்கம் வைத்தால் வலமாகச் சுழலும், மறுபக்கம் வைத்தால் இடமாகச் சுழலும். குடை இரண்டுக்கும் ஒன்றே. கண்ணாடிக் குழாய்களுக்கும் வித்தியாசம் தெரியாது. பர்னருக்கு மட்டும் தெரியும். அதற்குள் காற்று விசிறித் தகடுகள் வழியாக ஒரே திசையில்தான் சுழன்று வருகிறது. எண்ணெய் அதனோடு சேர்ந்து சுழன்றால் நல்ல சுடர், எதிர்த்துச் சுழன்றால் புகை. அவர் மட்டும், கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கிற முகத்தை வாய்ப்பக்கம் வைக்கிற பழக்கத்தில் எப்போதும் ஒரே மாதிரி பொருத்தியிருக்கிறார். பொருத்துகிற பெண்களோ கைக்கு வந்த பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமும் வைக்கலாம் என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் முதலாளியின் மேஜையில் பில்லையை வைத்து விளக்கினார். முதலாளி கேட்டுக்கொண்டே பேனாவை மூடித் திறந்தார்.

"வீட்ல ரொம்பப் பிரச்சினையா?"

"என்ன சார்?"

"இல்ல, உங்க சம்சாரத்தோட தம்பி. போன வாரம் ஸ்டோர்னு சொன்னீங்க. இப்ப பில்லைன்னு சொல்றீங்க. நான் எதை நம்ப?"

இத்தனை வருஷம் மற்றவர்களிடம் தான் கேட்ட கேள்வியைத் தன்னிடம் ஒருவர் கேட்பது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. முதலாளியைப் பர்னருக்கு அழைத்துப்போனார். பில்லையைத் திருப்பித் திருப்பி மாட்டிக் காட்டினார்; சுடர் மாறியும் முதலாளி மசியவில்லை.

"கழட்டி மாட்டறப்ப நீங்க எதை மாத்தறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களே மாட்டுங்க."

முதலாளி மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கை எண்ணெயாக, தானே மாட்டினார். புகை. திருப்பி மாட்டினார். சுடர். இன்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். "மச்சானை வரச் சொல்லுங்க" என்றார்.

மச்சான் வீட்டில் கதவைத் திறந்தது அவன் மனைவி. "உள்ள வாங்கண்ணா" என்றாள். குரலில் ஈரமே இல்லை. மச்சான் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. சாயம் அடிப்பதை விட்டுவிட்டான்.

அவர் சொல்லி முடித்தார். மச்சான் திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"இது என்ன புதுச் சோதனை மாமா? நான் சந்தோஷப்படறேனான்னு பாக்க வந்தீங்களா?"

"இல்லப்பா. நெஜமா சொல்றேன்."

"அன்னைக்கும் நெஜமாதான் சொன்னீங்க."

"தப்பு என்னோடது."

"இங்க சொல்றீங்க. சரி. இங்க யாரு இருக்கா? என் பொண்டாட்டி, இந்த ஃபேன்." திருகாணியைக் கீழே வைத்தான். "என் பையைக் கொட்டின இடத்துல நின்னு சொல்லுங்க. அப்ப வரேன்."

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். மச்சான் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றான். கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "ஸ்டோர்ல ஒண்ணும் நடக்கல. தப்பு என் பில்லைல" என்றார். அவருக்கு எப்போதுமே சின்னக் குரல்.

"கேக்கல மாமா."

மறுபடி சொன்னார். சிலர் நின்றார்கள். மறுபடி, பெரிதாக. ஆலைச் சங்கு ஊதும் வரை, வந்தவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மச்சான் வாட்ச்மேனிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான்.

புதிய பில்லையின் விளிம்பில் ஒரு வெட்டு வைத்தார்கள். ஒரே பக்கமாகத்தான் உட்காரும். புகார்கள் நின்றன. பேச்சு நிற்கவில்லை. வீட்டில் அவர் சம்சாரம் ஆட்டி வைக்கிறாள், மனுஷன் மச்சானுக்காகப் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார் என்று கான்டீனில் சொன்னார்கள். பில்லையைக் காட்டி விளக்கினால் தலையாட்டினார்கள். விளக்க விளக்கக் கதை கெட்டிப்பட்டது. ஓய்வு பெறும் நாள்வரை விளக்கிக்கொண்டே இருந்தார்.

அவர் இறந்துபோன அன்று வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. பழைய ஆட்கள் வந்தார்கள். கடைசல் பிரிவில் இருந்த முதியவர் ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா பெரிய மனசும்மா. மச்சானைக் காப்பாத்த என்னமா ஒரு கதை சொன்னார்."

பக்கத்து நாற்காலியிலிருந்து மச்சான் எழுந்தான்.

"கதை இல்லண்ணே. நெஜமாவே பில்லைதான்." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இப்படி வெச்சா வலம் சுத்தும்." கையைப் புரட்டினான். "இப்படி வெச்சா இடம். மாமா சொன்னது அத்தனையும் உண்மை."

முதியவர் தலையாட்டினார். "சரிப்பா, சரி" என்று அவன் தோளைத் தட்டினார்.

"உக்காருங்கண்ணே," என்றான் மச்சான். "முதல்ல இருந்து சொல்றேன்."