பதினேழு நிமிடப் பாதை

அலுவலகத்தில் அவளைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு திரிகிறவள் என்பதால் வந்த பெயர். நீளக் கைப்பிடி, கீழே ஒற்றைச் சக்கரம், மீட்டருக்கு ஒரு 'டக்'. பெயருக்கு வேறு காரணமும் உண்டு என்பார் அவள் கணவர். "சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் வாசல்ல இருக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் ஷட்டரை இழுக்கத்தான் எழுந்திருப்பார்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபதில் ஒரு தையல் கூடத்தில் சேர்ந்து பதினோராவது நாள் ஓடிவந்தாள். எதிரே இருந்த சுவரையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. அதன் பிறகு வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதினாள், பேருந்தில் டிக்கெட் கொடுத்தாள், கூரியர் பை சுமந்தாள். எந்த வேலையிலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. பூங்காக்களையும் பாதுகாக்கப்பட்ட நிலங்களையும் பார்த்துக்கொள்ளும் துறையின் வரைபடப் பிரிவு, பாதைகளை நடந்து பதிவு செய்ய ஆள் தேடியது. "நடக்கறதுக்கா சம்பளம்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் விண்ணப்பத்தை வாங்கினாள்.

வேலை எளிது. பாதை தொடங்கும் இடத்தில் தோள்பட்டியில் மாட்டிய பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். நடக்க வேண்டும். படி, பாலம், வாயிற்கதவு, வழுக்குகிற இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதை முடிகிற இடத்தில் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அவள் நடந்த தடம் அலுவலகக் கணினியில் கோடாக விழும். கோட்டுக்காரர் என்று எல்லோரும் அழைக்கிற வரைவாளர் அதைச் சீர்செய்து வரைபடத்தில் ஏற்றுவார்.

அந்த ஆண்டு வரைபடம் இறுதிப் பட்டியலாக வெளிவர இருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் அந்தப் பாதை என்றைக்கும் பொதுப்பாதை. யாரும் லேசில் மூட முடியாது. அதனால் எல்லாப் பாதைகளையும் ஒருமுறை மறுபடி நடந்து சரிபார்க்கச் சொன்னார்கள்.

ஏரிக்கு மேற்கே இருக்கும் சரளை மேட்டுக்கு அவள் போனது நான்கு வருடம் கழித்து. ஏரிக்கரைப் பாதை அவளுக்கு மனப்பாடம். ஆனால் பாதி வழியில், அவள் இதற்கு முன் பார்த்திராத ஒரு மரப்பலகை நின்றது. 'காட்சிமுனை' என்று எழுதி, மேட்டைக் காட்டி ஓர் அம்புக்குறி. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று சரளையின் நடுவே வளைந்து வளைந்து ஏறியது. காலடி பட்டுப் பட்டுக் கற்கள் ஒதுங்கி, மண் பளபளத்துக் கிடந்தது. சக்கரத்தை உருட்டினாள். தொள்ளாயிரம் மீட்டர். எங்கும் போய்ச் சேராமல் ஒரு சுற்றுச் சுற்றி, உச்சியில் மூன்று தடவை தன்னையே வட்டமிட்டு, கிளம்பிய இடத்துக்கே இறங்கியது.

எதிரே காவலர் வந்தார். அந்த மேட்டைப் பதினைந்து வருடமாகக் காக்கிறவர்.

"எந்தப் புண்ணியவான் போட்ட பாதை இது?" என்று கேட்டாள்.

"அதைத்தான் அக்கா நானும் தேடிட்டிருக்கேன். கையில கிடைச்சான்னா இருக்கு." அவர் குனிந்து சில ஓட்டுத் துணுக்குகளைக் காட்டினார். "ஆள்காட்டிக் குருவி. கூடு கட்டாது, வெறும் கல்லுக்கு நடுவுல முட்டை வைக்கும். முட்டையும் கல்லு மாதிரியே இருக்கும். நடக்கறவங்க என்ன பண்ணுவாங்க, பாவம், தெரியாம மிதிக்கறாங்க. முன்னெல்லாம் இருபது ஜோடி வைக்கும். இந்த வருஷம் ரெண்டே ரெண்டு. பாதை பட்டியல்ல ஏறிட்டா அதுவும் போச்சு."

சக்கரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று மாலையே அலுவலகத்தில் போய் நின்றாள்.

"நான் நடக்காத பாதையை யாருங்க வரைஞ்சது? மேசையில உட்கார்ந்துக்கிட்டு அழகா இருக்குன்னு போட்டுக்கிட்டீங்களா?"

கோட்டுக்காரர் டீயை ஓரமாக வைத்துவிட்டுக் கணினியைத் தட்டினார். "கோவப்படாதீங்க. நான் எப்பவாச்சும் என் இஷ்டத்துக்குக் கோடு இழுத்திருக்கேனா? இதோ, நடந்தவங்க எண் பதினாலு." நிமிர்ந்து பார்த்தார். "பதினாலு நீங்கதானே?"

தேதியும் நேரமும் அதற்குக் கீழே இருந்தன. பதினொன்று நாற்பது முதல் பதினொன்று ஐம்பத்தேழு வரை. அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்ததைக் கோட்டுக்காரர் முதல் தடவையாகப் பார்த்தார்.

அந்தப் பதினேழு நிமிடத்தை அவள் மறக்கவில்லை. கடல் தாண்டி ஒரு தீவுக்கூட்டத்தில் பாதை அளக்கும் வேலைக்கு, வீட்டில் மூச்சு விடாமல், விண்ணப்பித்திருந்தாள். அன்றைக்குத் தொலைபேசியில் நேர்காணல். அழைப்பு வந்ததும், ஏரிக்கரையில் சிக்னல் சரியில்லை என்று மேட்டில் ஏறினாள். நின்றுகொண்டு பேச அவளுக்கு எந்தக் காலத்தில் வந்தது? பேசப் பேச நடந்தாள். கருவியை நிறுத்த மறந்தாள். அந்த நடை கோடாயிற்று. கோட்டின் உச்சியில் ஏரி நன்றாகத் தெரியும் என்று கோட்டுக்காரர் 'காட்சிமுனை' என்று எழுதினார். வரைபடத்தில் இருக்கிறதே என்று பலகை நட்டார்கள். பலகை இருக்கிறதே என்று ஜனங்கள் நடந்தார்கள்.

"விடுங்க" என்றார் கோட்டுக்காரர், விஷயத்தைப் பாதி கேட்டுவிட்டு. "நாலு வருஷமா ஜனங்க நடக்கறாங்க. இப்ப அது பாதைதானே? நீங்க வாயைத் திறந்தா உங்க பேரும் கெடும், என் பேரும் கெடும்."

பெயர் கெட்டால் கெடட்டும். அவள் கவலை வேறு. சர்க்கரை கூடிவிட்டது, நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதில் இருந்து, ஒரு வருடமாக அவள் கணவர் ஞாயிறுதோறும் நடக்கிற ஒரே பாதை அதுவாக இருக்குமோ என்பது. நடைச் சங்கத்தில் சேர்ந்து தொப்பி எல்லாம் வாங்கியிருந்தார். எந்தப் பாதை என்று அவர் சொன்னதில்லை, 'நீ போட்ட ஏரிப் பாதை' என்பார். அவளும் அன்றுவரை ஏரிக்கரை என்றே நினைத்திருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "ஏரியில எங்கங்க நடக்கறீங்க?"

"மேட்டுலதான். கரையில போனா சப்புன்னு நேரா இருக்கு. மேட்டுல எப்படி வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கே! எங்க மூச்சு வாங்குமோ கரெக்டா அங்க ஒரு திருப்பம். சங்கத்துல எல்லாரும் கேட்டாங்க, யோசிச்சுப் போட்டாங்களான்னு. என் பொண்டாட்டி யோசிக்காம கால் வைக்க மாட்டான்னு சொன்னேன்." தட்டைத் தள்ளிவிட்டு உற்சாகமாகச் சொன்னார். "அதைப் பட்டியல்ல சேர்க்கணும்னு மனு போட்டிருக்கோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் எழுந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பட்டியல்மீது ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காவலருக்குப் போன் போட்டு, எத்தனை முட்டை, எத்தனை முட்டை என்று கேட்டாள். நான்கு என்றார். இரண்டு நாள் கழித்து மூன்று என்றார். தினமும் இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்தை விட்டு இறங்கி நடந்தாள். கடை வாசல் வரை போய், உள்ளே கணவர் யாருக்கோ கண்ணாடியைக் காதில் பொருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பட்டியலை இறுதி செய்யும் அதிகாரியிடம் மட்டும், பாதை தவறுதலாக விழுந்தது என்று எழுதிக் கொடுத்தாள். காரணத்தில் 'தொலைபேசி அழைப்பு' என்று இரண்டு சொல். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினாள்.

நூலக மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பெரிய வரைபடம். மூன்றாவது வரிசையில் கணவர், தொப்பியோடு. நடைச் சங்கச் செயலாளர் முதலில் எழுந்தார்.

"பாதை முன்னாடியே இருந்திருக்கு மேடம். இல்லைன்னா உங்க ஆளு ஏன் அதுல நடந்து பதிவு பண்ணணும்?"

"நடந்தவங்களே இங்க இருக்காங்க" என்று அதிகாரி அவளைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். "அங்க பாதை எதுவும் இல்லைங்க. ஆள்காட்டி முட்டை வைக்கிற வெறும் சரளை. ஒரு போன் வந்துச்சு, பேசிக்கிட்டே நடந்தேன். கருவியை நிறுத்த மறந்துட்டேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "போன் பேசறதுக்குத் தொள்ளாயிரம் மீட்டரா? அப்படி யாரும்மா போன்ல? பாதையை மூடணும்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டு உங்களை ஒப்பிக்க விட்டிருக்காங்க. எங்களுக்குத் தெரியாதா?"

பலர் தலையாட்டினார்கள். கணவரும் ஆட்டினார், பாவம், மனைவியை யாரோ பொய் சொல்ல வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அவர் முகத்தில் இருந்த கரிசனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கைப்பேசியை எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சலைத் தேடி எடுக்க நேரமாயிற்று. "இருங்க" என்றாள். பிறகு வாசித்தாள். அந்தத் தேதி. பதினொன்று நாற்பதுக்கு நேர்காணல். தீவுக்கூட்டத்தில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தை அழைத்துவர வசதியில்லை. "பதினொன்று ஐம்பத்தேழுக்கு முடிஞ்சுது. கருவியில இருக்கிற நேரத்தைப் பாருங்க."

கோட்டுக்காரர் கணினித் திரையில் அதைக் காட்டினார். செயலாளர் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

கணவர் எழுந்து முன்னால் வந்தார். மனுத் தாளைக் கேட்டு வாங்கினார். விரலால் தடவித் தடவித் தன் பெயரைக் கண்டுபிடித்து, ஒரு கோடு போட்டு அடித்தார். அவளைப் பார்க்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார். குருவிக்காக அடித்தாரா, அவள்மேல் இருந்த கோபத்தில் அடித்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஏழு நிறுத்தம் தாண்டியதும் கேட்டார்.

"கிடைச்சுதா?"

"எது?"

"வேலைதான்."

"கிடைச்சுது. ஒரு வாரம் டைம் கேட்டேன். ஏழாவது நாள் வேண்டாம்னுட்டேன்."

"எனக்காகவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "தெரியலைங்க" என்றாள். "ஏழு நாளும் உங்ககிட்ட சொல்லணும்னு சுத்திச் சுத்தி வந்தேன். சொல்லாமலே நாள் போயிடுச்சு."

அதற்குப் பிறகு பத்து நாள், சாவி எங்கே, பால் வந்ததா என்பதைத் தவிர வீட்டில் பேச்சில்லை.

பாதையை நீக்கி உத்தரவு வந்தது. பலகையைப் பிடுங்கி, பாதை நெடுகக் கட்டைகள் நட்டுக் கயிறு இழுக்க வேண்டும். காவலர் ஒருவர் போதாது என்று அவளும் கிளம்பினாள். வாசலில் கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமைதானே. எனக்கு நடக்கணும்" என்றார்.

கட்டைகளை அவர் பிடித்தார், அவள் சம்மட்டியால் அடித்தாள். நடுநடுவே ஆள்காட்டி தலைக்கு மேல் கத்தியபடி பறந்தது. முதல் திருப்பத்தில் அவர் நின்றார்.

"இங்க ஏன் திரும்பினே?"

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "சம்பளம் எவ்வளவுன்னு சொன்னாங்க."

இன்னும் நூறு மீட்டர் தள்ளி, "இங்க?"

"எப்ப வர முடியும்னு கேட்டாங்க."

உச்சிக்கு வந்தார்கள். பாதை மூன்று தடவை தன்னையே சுற்றிய இடம். அவருக்கு மூச்சு வாங்கியது. "இங்கதான் நான் எப்பவும் உட்காருவேன்" என்றார். "என்ன கேட்டாங்க இங்க?"

"வீட்ல யார் இருக்காங்கன்னு."

"என்ன சொன்னே?"

"அவரைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேக்கலையே."

"கேக்கலை."

அவர் கட்டையைச் சரளையில் ஊன்றி நேராகப் பிடித்தார். "இனிமே கேளு. நான் மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவேன். ஆனா கேளு."

அவள் அடித்தாள். மூன்றாவது அடியில் கட்டை இறங்கியது. கீழே இருந்து காவலர் கத்தினார், "கயிறு பத்தாது அக்கா! வண்டியில இன்னொரு கட்டு இருக்கு!"

அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். "மெதுவாப் போ, கீழே பார்த்துப் போ" என்று அவர் பின்னால் இருந்து சொன்னார். கீழே பார்த்துத்தான் போனாள். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.