பச்சைத் தொப்பி

பால் பெட்டியில் திகதி இருந்தாலும் வத்சலா முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவாள். வீட்டிலும் அப்படி, வைத்தியசாலைச் சமையலறையிலும் அப்படி. அந்த வேலைக்காகத்தான் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தை விட்டு இந்த மலையூருக்கு வந்தார்கள். மேல்மாடிக் கிழவர் ப்ரிங்மன் படியில் வணக்கம் சொன்னால் பதில் சொல்வாள். கறிவாசம் பற்றி முறைப்பாடு செய்தது அவர்தான் என்று அவளுக்குச் சந்தேகம்.

வேலையில் அவளது தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. அந்தக் காலத்துக்குள் ஒருநாள் வராமல் விட்ட ஒருத்தியை முன்பு வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். புதன்கிழமை பனிப்புயல் அடித்தது. சொந்த வாகனங்கள் ஓடக்கூடாது, வைத்தியசாலை ஊழியருக்கு மட்டும் விலக்கு என்று வானொலி சொன்னது.

பாலத்தடியில் பொலிஸ்காரன் அவளது காரை மறித்து, வேலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது உணவு நிறுவனத்தின் அட்டை. வைத்தியசாலையுடையது அல்ல."

"நோயாளிகளுக்குச் சமைப்பது நாங்கள்தான்."

"திரும்பிப் போங்கள். மறுபடி கண்டால் தண்டம்."

கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒரு கார் வந்தது. அதை அவன் கையசைத்து அனுப்பினான்.

வீட்டு வாசலில் கணவர் கணேசலிங்கம் பனி வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னனான் எல்லே? உவங்களோட கதைச்சு வெல்லேலாது. போன் பண்ணிச் சொல்லிவிடும்."

"சொன்னால் வெள்ளிக்கிழமை என்னை வீட்டை அனுப்புவினம். பிறகு நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ."

"அப்ப கறிவாசத்துக்கு ஒருத்தரும் முறைப்பாடு செய்யமாட்டினம்."

ப்ரிங்மன் காரை எடுக்க வந்தார். முன்கண்ணாடிக்குள் வேட்டைக்காரர் சங்க அட்டை தெரிந்தது. வத்சலாவின் முகத்தைப் பார்த்து என்ன என்று விசாரித்தார்; பாலத்தடியில் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள்.

"ஏறுங்கள், நானும் அந்தப் பக்கம்தான்."

"இந்தாள் ஏன் கூப்பிடுது?" என்றாள் கணவரிடம்.

"ஏறிப்போய்க் கேளும்."

காருக்குள் அவர் வேட்டைக்காரர் போடும் ஒரு பச்சைத் தொப்பியை நீட்டினார். நாடாவில் இறகு ஒன்று. "இதைப் போட்டுக்கொள்ளுங்கள்." அவள் போட்டுக்கொண்டாள். தொப்பியில் நாய் மணத்தது. பாலத்தடியில் அதே பொலிஸ்காரன் காருக்குள் ஒரு தடவை பார்த்துக் கையசைத்தான்.

"இந்தப் புயலில் நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்றாள்.

"காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் பாண் வாங்க."

வைத்தியசாலை வாசலில் அவளை இறக்கிவிட்டார்.

சமையலறையில் மேற்பார்வையாளர் கெஸ்லர் அம்மா மட்டும் கஞ்சிப் பானையோடு நின்றாள். மற்றவர்கள் வரவில்லை.

"தடை போட்டிருக்கிறார்களே, எப்படி வந்தாய்?"

ப்ரிங்மனின் பெயரைச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. தன் காரில் என்றால் தடையை மீறிய பழி தன் தலையிலேயே விழும்.

"நடந்து வந்தேன்."

கெஸ்லர் அம்மா அவளது சப்பாத்தைப் பார்த்தாள். ஈரமில்லை. பிறகு தலையைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்ற வத்சலா மறந்திருந்தாள்.

"நாளைக்கும் நடந்து வருவாயா?"

"வருவேன்."

"வெள்ளிக்கிழமையும் வந்தால் பேசலாம். கையைக் கழுவு."

வேலை முடிந்து வெளியே வந்தபோது ப்ரிங்மனின் கார் வாசலில் நின்றது. வரச்சொல்லி அவள் கேட்கவில்லை. எதற்காக நிற்கிறார்? நாளைக்கு என்ன கேட்பார்? வீதி முழுக்க வெள்ளை, வேறு வாகனம் எதுவும் இல்லை.

பையிலிருந்து தொப்பியை எடுத்து, யாரும் சொல்லாமலே போட்டுக்கொண்டு ஏறினாள்.