அபராதக்காரரின் நல்ல செய்தி

எல்லாரும் அவரை 'அபராதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரின் பாதிக் கட்டடங்களுடைய வயிற்றுக்குள் போய் வந்தவர். ஆட்களைப் பெயரை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார், மாடியை வைத்துத்தான். "அந்த நாலாவது மாடிக்காரர் செத்துட்டாராமே" என்பார். எந்தக் கட்டடத்து நாலாவது மாடி என்று கேட்டால் கோபம் வரும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடமே மனைவி தவறிப்போனாள். ஒரே மகள் விமானத்தில் பதினோரு மணி நேரம் தள்ளி, ஓர் ஆய்வுக்கூடத்தில் யார் யாருடைய ரத்தத்தையோ சோதித்துக்கொண்டிருந்தாள். ஆக, வீட்டில் மிச்சம் அவரும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது நடுநடுவே முனகும்.

மருந்துக்கடைக்காரர்தான் பரிதாபப்பட்டு அவரைச் சேவைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மாதம் இரண்டு சனிக்கிழமை, மாலை ஐந்து மணி, சோபாக் கடைக்கு மேலே உள்ள ஹால். மொத்தம் இருபத்திரண்டு பேர். பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரித்துத் துடைத்து, பவர் பார்த்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். ரத்ததான முகாம் போடுவார்கள். வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி எடைக்குப் போட்டு, அதில் சக்கர நாற்காலி வாங்கி, நடக்க முடியாதவர்களுக்கு இரவல் தருவார்கள். இரவல் போன நாற்காலி எதுவும் சீக்கிரம் திரும்பி வந்ததில்லை. அதனால் அடுத்த நாற்காலிக்கு எப்போதும் வசூல் நடந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சங்கத்தில் ஒரு விசித்திரமான பதவி உண்டு. கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம், ஒருத்தர் பிஸ்கட் டின்னோடு எழுந்து எல்லாருக்கும் அபராதம் போடுவார். தாமதமாக வந்தால் அபராதம். கூட்டத்தில் செல்போன் அடித்தால் அபராதம். இதெல்லாம் சில்லறை. பெரிய அபராதம் நல்லது நடந்தவர்களுக்குத்தான். பேத்தி பிறந்தாளா, பதவி உயர்ந்ததா, புது வண்டி வாங்கினாயா, எடு நோட்டை. வாதாடினால் இரட்டிப்பு. சந்தோஷத்தை ஒருத்தர் மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது அங்கே சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. அபராதம் போடுகிறவருக்கு அபராதம் போடவேண்டுமென்றால் ஹாலில் இருக்கும் அத்தனை கையும் உயரவேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் அவர் தப்பித்தார்.

இந்தப் பதவி யாருக்கும் வேண்டாம். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சேதியைத் துருவிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? லிஃப்ட் மெக்கானிக்குக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. டின்னை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் போன் பண்ணக் காரணம் கிடைத்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் புது ஷூ வாங்கினாராமே?"

"அய்யோ, ஷூ மட்டுமா? பல் டாக்டருன்னு பேரு, முடிக்கு மை வேற அடிச்சிருக்காரு. எழுதிக்கோங்க."

வீட்டுக்காரிகள் மகிழ்ச்சியோடு காட்டிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை வந்தால் அவர் பிஸ்கட் டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். சங்கத்தின் தலைவரான பல் டாக்டருக்கு அப்போதே வியர்க்கும்.

"தலைவர் எழுந்திருக்கணும்."

"நான் என்னங்க பண்ணேன்?"

"நேத்துவரைக்கும் தலை வெள்ளையா இருந்துது."

"இது இயற்கையான கறுப்புங்க!"

"வாதாடினதுக்கு இரட்டிப்பு. இயற்கைன்னு சொன்னதுக்குத் தனி. போடுங்க."

ஹால் சிரிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் பதினாலு நாள் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆறு வருடமாக இப்படி. அந்த ஆறு வருடத்தில் அவருக்கு யாரும் அபராதம் போட்டதில்லை. ஒரே ஒரு தடவை மருந்துக்கடைக்காரர், "இவரு கூட்டத்துல குறட்டை விட்டாரு, கையைத் தூக்குங்க" என்றார். கைகள் எழுந்தன. பின்வரிசையில் யாரோ, "பாவம், விடுங்கப்பா, தனி மனுஷன்" என்றார்கள். எழுந்த கைகள் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. அபராதம் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாக ஜோக் அடித்தார். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வெறும் தயிர்தான் இருந்தது.

மூன்றாவது சக்கர நாற்காலிக்குக் கொஞ்சம் பணம் குறைந்த சனிக்கிழமையில்தான் வினை வந்தது. அவர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, எடு. மருந்துக்கடைக்காரருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, எடு. அச்சகம் நடத்தும் பிரஸ் அக்கா புது மெஷின் வாங்கியிருக்கிறாள், எடு. தன்னைவிடப் பத்து வயது பெரியவர்களும் அக்கா என்று கூப்பிடும் ஆள் அவள். நோட்டைத் திணித்துவிட்டு, அவள் சும்மா உட்காரவில்லை.

"அண்ணே, எங்க கிட்ட மட்டும் பிடுங்கிட்டே இருக்கீங்களே. உங்க வீட்டுல ஒரு நல்ல சேதியும் கிடையாதா?"

கேலியாகத்தான் கேட்டாள். அவரும் ஒரு கேலியைத்தான் எடுத்தார். 'ஃபிரிட்ஜுக்குக் குழந்தை பிறந்திருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"ஏன் இல்ல? என் பொண்ணு வர்றா. அடுத்த மாசம்."

 முதலில் பல் டாக்டர் கையைத் தூக்கினார். பிரஸ் அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். பின்வரிசை, முன்வரிசை, டீ ஊற்றிக்கொண்டிருந்த பொருளாளர், எல்லாக் கையும். முன்னால் நின்று பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. இருபத்தொரு பேருடைய கைகள், அவருக்காக. யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அவர் பர்ஸைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய நோட்டை எடுத்து டின்னுக்குள் போட்டார். கைதட்டல் அடங்கும்போது நாற்காலிக்குப் பணம் சேர்ந்துவிட்டிருந்தது.

"அப்புறம் என்ன," என்றார் பல் டாக்டர், "நாற்காலியை உங்க பொண்ணு கையாலயே குடுத்துடலாம். சிறப்பு விருந்தினர்!"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரம் ஒரு அதிசயம் நடந்தது. அவருடைய போன் அடித்தது. அவர் யாரையும் கூப்பிடாமலேயே அடித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவதாகச் சொன்னார். பல் டாக்டரின் மனைவி நல்ல தலையணை இருக்கிறதா என்று விசாரித்தாள். பிரஸ் அக்கா, "அண்ணே, அழைப்பிதழ்ல போடணும், என்ன படிச்சிருக்கா? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க" என்றாள். எழுத்துக்கூட்டிச் சொன்னார். அவரும் சும்மா இருக்கவில்லை. மகளுடைய அறையைத் திறந்து ஒட்டடை அடித்தார், ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டார், நீலப் படுக்கைவிரிப்பு ஒன்று வாங்கிவந்து விரித்தார். ஒரு பிற்பகல் அந்த விரிப்பில் உட்கார்ந்து, அவள் காலையில் டீயா காப்பியா என்று யோசித்தார். பொய் என்பது அப்போது அவருக்கே மறந்திருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் கூப்பிடுவாள். வாராவாரம் ஒரே பேச்சு. சாப்டீங்களா, சாப்டேன், மாத்திரை, போட்டேன், அங்கே குளிரா, குளிர்தான். இருவருக்கும் நடுவே சண்டை எதுவும் கிடையாது. சரக்கு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். விழாவுக்கு ஆறு நாள் முன்னால் வந்த ஞாயிறு, அவர் பாதையை மாற்றினார்.

"ஏம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போகலாமில்ல?"

"எப்போப்பா?"

"சும்மா... அடுத்த சனிக்கிழமை மாதிரி."

"அடுத்த சனிக்கிழமையா? பக்கத்துத் தெருவாப்பா இது?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "உடம்பு எதாவது...?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கேன்."

"இந்த வருஷம் லீவு இல்லப்பா. அடுத்த வருஷம் பாக்கறேன்."

"சரி சரி. குளிரா அங்க?"

போனை வைத்துவிட்டுச் சாக்குத் தேட உட்கார்ந்தார். விமானம் ரத்து என்று சொல்லலாம். ஆனால் ஆறு வருடமாக அடுத்தவர் சாக்கைப் பிரித்து மேய்ந்தவர் ஆயிற்றே. 'அடுத்த விமானம் இல்லையா?' என்று அவர் குரலே அவரைக் கேட்டது. காய்ச்சல்? 'எத்தனை டிகிரி?' லீவு கிடைக்கவில்லை? 'லீவு கேக்காமலா டிக்கெட் போட்டா?' எந்தப் பக்கம் ஓடினாலும் டின்னோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமைக்கு முன்பே, புதன்கிழமை மாலை, விழா ஏற்பாட்டுக்காக எல்லாரும் ஹாலில் கூடினார்கள். மேசைமேல் அழைப்பிதழ்கள் அடுக்கி இருந்தன. இருநூறு. தங்க எழுத்தில் மகள் பெயர். மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சக்கர நாற்காலி. பல் டாக்டர் பேசி முடித்ததும் அபராதம் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாரானது.

"ஒருத்தர் பொய் சொல்லியிருக்காரு," என்றார். "சங்கத்தையே ஏமாத்தியிருக்காரு. பெரிய அபராதம்."

"யாருங்க அந்த ஆளு?" டிரைவிங் ஸ்கூல்காரர் ஆவலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான். பொண்ணு வரல. வர்றேன்னு அவ சொல்லவே இல்ல. நானாதான் சொன்னேன்."

 கீழே கடையில் யாரோ சோபாவை இழுத்தார்கள்.

"கையைத் தூக்குங்க," என்றார்.

யாரும் தூக்கவில்லை.

"தூக்குங்கய்யா! சட்டம்னா சட்டம்தானே!"

இருபத்தொரு பேரும் தங்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலும் பையிலும் மறைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் செருப்பைப் பார்த்தார். பாவம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பல் டாக்டர் கனைத்துவிட்டு, அன்று முதல் தடவையாக அவரைப் பட்டப்பெயர் விட்டு, "ஐயா, உக்காருங்க" என்றார். மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் தாங்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது அவரைக் கடந்து போனவர்கள் எல்லாரும் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். பிரஸ் அக்கா மட்டும் அழைப்பிதழ்க் கட்டைத் தூக்கி அவர் மடியில் பொத்தென்று போட்டாள்.

"இருநூறு அட்டை அண்ணே! தங்க மை! இதை யார் தலையில கட்டுறது? அறுபத்தேழு வயசுல பொய் சொல்ற ஆளு, நான் மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவருக்கு அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் பகல் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து, வெட்டிவைத்த வெள்ளைக் காகிதத் துண்டுகளை மகள் பெயர்மேல் ஒட்டினார். 'சிறப்பு விருந்தினர்' என்று இருக்கும், அடுத்த வரியில் வெள்ளைத் துண்டு. கோணலாக ஒட்டியதை அக்கா பிடுங்கி எறிந்தாள். பசை காயக் காத்திருக்கும்போது கேட்டாள்:

"உண்மையிலயே அவ வந்திருந்தா என்னண்ணே சமைச்சிருப்பீங்க?"

யோசித்தார். மகளுக்கு என்ன பிடிக்கும்? வீட்டை விட்டுப் படிக்கப் போன பத்தொன்பது வயதில் என்ன பிடித்தது என்று தெரியும். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. அவள் குடியிருப்பது ஆறாவது மாடி என்று தெரியும். லிஃப்ட் எந்தக் கம்பெனி என்றுகூடத் தெரியும், அவளைக் கேட்டு வாங்கிய ஒரே தகவல் அது.

"தெரியலக்கா," என்றார்.  அக்கா இன்னொரு அட்டைக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

சனிக்கிழமை நாற்காலி போய்ச் சேரவேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பல் டாக்டரே கொடுத்தார். அபராதம் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். டின் மேசைமேல் இருந்தது, அன்று யாரும் அதை எடுக்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன். கேளு, நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். கைகள் உயர்ந்தது, தலையணை, எழுத்துக்கூட்டியது, பசை. சிரிப்பு வரும்படிதான் சொன்னார். நடுவே தானே சிரித்தும் காட்டினார்.  மறுமுனையில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. அவள் ஏதோ பாத்திரம் கழுவ ஆரம்பித்திருக்க வேண்டும், பாத்திரங்கள் மோதும் சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகியிருந்தது.

"வெச்சுட்டியா?"

"இல்லப்பா. இருக்கேன்."

குரல் சரியாக இல்லை.   வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் பேச்சு, இருபது நிமிடம் தாண்டியும் யாரும் வைக்காமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"குழாயை மூடும்மா," என்றார் கடைசியில். "தண்ணி வீணாப் போகுது."

மூடினாள். 

"காலையில நீ டீயா குடிப்ப, காப்பியா?" என்று கேட்டார்.