அத்தையின் முழங்காலும் இடக்கைத் தடியும்

என் பிள்ளைகளே, உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். அத்தை சாதுவானவர் என்று எழுதினால், படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அடித்தார், அடியும் வாங்கினார். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அத்தை மயிலத்துக்குப் பக்கத்தில் நம் பூர்வீக ஊரில் பிறந்தார். எனக்கு அக்கா. எங்கள் தாயார் சீக்கிரமே காலமாகிவிட, எனக்குக் கேப்பைக் கூழ் ஊற்றி வளர்த்தது அவர்தான். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் முதுகில் ரத்தம் வரும்படி அடித்துவிட்டார். அத்தை கழனியிலிருந்து நேராக வந்து, அந்தப் பிரம்பைப் பிடுங்கித் தம் முழங்காலில் வைத்து ஒடித்தார். "இன்னொரு வாட்டி எந்தம்பியத் தொட்டுப் பாரு" என்றார். அந்த முழங்கால்தான் பிறகு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. மாமா காலராவில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமாவின் தம்பி, அதாவது உங்கள் சின்ன மாமா, அண்ணன் பங்குக் கழனியைக் கேட்டார். அத்தை உலக்கையைத் தூக்கிவிட்டார். சின்ன மாமாவின் மண்டை உடைந்தது. அத்தைக்கும் ஒரு பல் போனது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "அந்தம்மா தானே நின்னு பயிர் வைக்கிற வரைக்கும் கழனி அவங்களது" என்று தீர்த்தார்கள்.

நின்று என்று சொன்னார்களே, அந்த ஒரு சொல்லைச் சின்ன மாமா மறக்கவே இல்லை.

ஏற்றம் மிதித்தும், குத்துக்காலிட்டு மல்லாட்டைச் செடி பிடுங்கியும், மூட்டை தூக்கியும் அத்தைக்கு வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. உட்கார்ந்தால் எழ முடியாது. எழுந்தால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று சத்தம் கேட்கும். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். அது கொஞ்சம் சுகம் தந்தது. யாரோ சொன்னார்கள் என்று சேங்கொட்டைப் பாலைத் தடவினார். தோல் வெந்து கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. தடி ஊன்றச் சொன்னேன். "ஊணுனா நொண்டின்னு ஊர்ல தண்டோரா போட்ட மாரி ஆயிடும்டா. கழனி போயிடும்" என்று மறுத்துவிட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சின்ன மாமா ஒரு நாள் சூடு போடுகிற வைத்தியரைக் கூட்டிவந்தார். வலிக்கிற இடத்தில் காய்ச்சிய இரும்பை இழுத்தால் வாயு இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அந்தச் சமயம் நான் அங்கேதான் இருந்தேன். வலி பொறுக்காமல் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் அத்தை படுத்தார். இரும்பு பழுத்து வந்ததைப் பார்த்ததும், "வாணாம், வுட்டுடு" என்றார். சின்ன மாமா அவர் தோளை அமுக்கிக்கொண்டு, "ஆங், ஜல்தி போடுங்க வைத்தியரே" என்றார். நான் ஓடிப் பிடிப்பதற்குள் இரும்பு மூன்று கோடு இழுத்துவிட்டது. சதை கருகிய நாற்றம் அடித்தது. அத்தை சின்ன மாமாவின் கையைக் கடித்த கடியில் பல் எலும்பில் போய் நின்றது. வைத்தியரை நான் உதைத்துத் தெருவில் தள்ளினேன்.

புண் சீழ் பிடித்தது. வாயு இறங்கவில்லை. அத்தை படுத்த படுக்கையானார். சின்ன மாமா வாசலில் நின்று, "வர்ற சித்திரைக்கு அந்தக் கழனியில என் ஏருதான் அண்ணி. நீங்க நிக்க முடியாதே" என்றார்.

நான் அத்தையை வண்டியில் படுக்க வைத்து விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றித் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். புண்ணைக் கழுவும்போது டாக்டர் திட்டிய திட்டு எனக்கும் சேர்த்துத்தான். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது தேஞ்சிருக்கு. சூடு போட்டா அது வளருமா?"

"மாத்திரை குடுத்தா வளருமாங்க?" என்று அத்தை திருப்பிக் கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "வளராது. நோவு தாங்க முடியாத நாள்ல சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்க. குத்துக்கால் போட்டு உக்காராதீங்க. கட்டில்ல உக்காந்து காலை நேரா நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, இறக்குங்க. தினம் செய்யணும். தொடைச் சதை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும். அப்புறம் தடி. இடது கையில."

"இன்னாங்க டாக்டரு, நோவு இங்க கீது, தடி அங்கியா?"

"நடந்து பாத்துட்டு சண்டை போடுங்க."

அத்தை சுவரைப் பிடித்து எழுந்தார். வலது கையில் ஊன்றி நடந்து முகம் சுளித்தார். இடது கைக்கு மாற்றி, தடியையும் வலது காலையும் சேர்த்து வைத்து நடந்தார். திரும்பி வந்தவர், "வலிக்குது. ஆனா தாங்குது" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அது ஏன் என்று சித்திரையில்தான் எனக்குப் புரிந்தது.

நல்ல நாள் பார்த்து முதல் ஏர் பூட்டுகிற காலை. யார் ஏர் முதலில் உழுகிறதோ, அந்த வருஷப் பயிர் அவர்களுடையது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் சின்ன மாமா அத்தையின் கழனியில் ஏரை இறக்கிவிட்டார். வரப்பில் ஊரே நின்றது.

"அடடே, மூணு காலோட வர்றாங்க பாரு எங்க அண்ணி!"

"ரெண்டு காலோட இருக்கிற நீ வெளிய போடா."

சின்ன மாமா சாட்டையைச் சொடுக்கினார். அது அத்தையின் கழுத்தில் விழுந்து தோலைக் கிழித்தது. நான் பாய்ந்தேன். "தம்பி, நீ நவுரு! எங்கழனி" என்று அத்தை கத்தினார். இடது கைத் தடியை ஊன்றி நின்றபடி, இடுப்பிலிருந்த அரிவாளை வலது கையால் உருவி, நுகத்தடியின் பூட்டாங்கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். மாடுகள் பிய்த்துக்கொண்டு ஓடின. சின்ன மாமா மறுபடி சாட்டையை ஓங்கினார். தடி எழும்பி அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வரப்பு வரை கேட்டது. அத்தை கழுத்தில் ரத்தம் வழிய, மடியிலிருந்த விதையை எடுத்து வலது கையால் இறைத்தார்.

"நின்னு வெதைக்கிறாங்கப்பா" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அதோடு வழக்கு முடிந்தது.

சின்ன மாமாவின் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சூட்டு வைத்தியரிடம் கிளம்பினார்கள். அத்தை வழியை மறித்தார். "அவன்கிட்ட போவாதீங்க, கையையே எடுத்துடுவான். எந்தம்பி வண்டியில ஏத்தித் திண்டிவனத்துக்குப் போங்க." வண்டியை நான்தான் ஓட்டினேன்.

அத்தை அதற்குப் பிறகும் சில வருஷம் பயிர் வைத்தார். வலி போகவில்லை. கடைசியில் காய்ச்சலில் படுத்தார், முட்டியால் அல்ல.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வண்டி கொடுத்தவர்களுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் நம் குடும்பத்தின் கும்பிடு. சின்ன மாமாவுக்கும்தான். கோணிப்போன கையோடு பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர். சுடுகாட்டில் யாரோ அத்தையின் தடியை வலது பக்கம் வைத்தார்கள். சின்ன மாமா குனிந்து அதை எடுத்தார்.

"எங்க அண்ணிக்கு எடது கையிலதான்" என்று மாற்றி வைத்தார்.