ஆபீஸ் தூங்கினால் ஃபேன் சுற்றும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஆபீசில் ஒருத்தரும் இல்லாத நேரத்தில், நான் ஒரு ஜெராக்ஸ் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான். 'உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா?' என்றுகூடக் கேட்டதாக ஞாபகம்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கருத்து உண்டு — மனுஷங்க முன்னால வாயைத் திறக்க மாட்டார், மிக்ஸி, ஸ்கூட்டர், டெலிபோன் என்றால் வெளுத்து வாங்குவார் என்று. உண்மைதான். மிஷின் திருப்பிப் பேசாது, பாருங்கள்.

ஆனால் இந்தத் தடவை கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் நாகவேணி.

நான் வேலை பார்ப்பது ஓசூர் தொழிற்பேட்டையில், லாரிக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில். ஆபீஸ் நிர்வாகம் என் தலையில். இப்போதெல்லாம் கரண்ட் தினமும் போகிறது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குப் பதினொரு மணிக்குப் போகும். போனதும் ஜெனரேட்டர் வரும். அந்த ஜெனரேட்டருக்கு வயசாகிவிட்டது. மிஷின் ஷாப்பையும் ஆபீசையும் எப்படியோ இழுத்துவிடும். கூடவே பேக்கிங் ஷெட்டையும் சேர்த்தால் முக்கி முனகிப் படுத்துவிடும். அதனால் கரண்ட் போனால் பேக்கிங்கில் ஃபேன் கிடையாது.

பேக்கிங் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே பதினாலு பெண்கள். 'ஓசூருக்கு என்ன குறை, குளுகுளுன்னு இருக்குமே' என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஏப்ரல் மாதம் அந்த ஷெட்டுக்குள் பத்து நிமிஷம் நின்றுவிட்டுச் சொல்லட்டும்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்திதான் நாகவேணி. சிங்காரப்பேட்டைப் பெண். கல்யாணமாகி வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை ரூமில் குடித்தனம். புருஷன் வேறொரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான். இவளுக்கு இப்போது ஏழு மாசம். போன மாதம் கரண்ட் இல்லாத ஒரு நாள், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே சரிந்துவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது நாலு பெண்கள் பெட்டி மூடியைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஃபேக்டரி மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "இன்னொரு தடவை விழுந்தா நம்ம தலைதான் உருளும் சார். அனுப்பிடலாம். குழந்தை பொறந்தப்புறம் வரட்டுமே" என்றார்.

வரட்டும் என்றால்? கான்ட்ராக்ட் வேலை. அவள் எழுந்த ஸ்டூலில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேரையும்விட நாகவேணிக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் நான் பெரிய மனுஷன் தோரணையில் போய், "ஏம்மா, இந்த வெக்கையில எதுக்கு அவஸ்தை? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கலாம்ல?" என்றேன்.

"வீட்ல மட்டும் கரண்ட் இருக்குதுங்களா சார்?" என்றாள்.

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் தங்கதுரை பின்னாலேயே வந்தார். எங்கள் எலக்ட்ரீஷியன். திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. கம்பெனி மொத்தத்துக்கும் அவர் அண்ணாச்சி.

"சார், ஆபீஸ் லோடு கொறைஞ்சா அந்த ஷெட்டு ஃபேனுக்கு லைன் குடுத்திரலாம். உங்க ஆபீசுலதான் கரண்டு சும்மா போவுது, பாத்துக்கிடுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் ஆபீசிலா? வாருங்கள் பார்க்கலாம் என்று கூட்டிப் போனேன். அவர் கையில் டாங் டெஸ்டர் — வயரைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டிக்கொடுக்குமே, அது.

காட்டிக்கொடுத்தது. பெட்டி பெட்டியாக ஆறு பழைய மானிட்டர்கள். மேசையில் ஆள் இல்லை, ஆனால் கம்பெனி பெயர் ஸ்கிரீனில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஸ்கிரீன் சேவர் என்று பெயர். எதைச் சேமிக்கிறது என்று யாராவது எனக்கு எழுதினால் நன்றாக இருக்கும். இன்னொரு மூலையில் பழைய ஜெராக்ஸ் மிஷின். காலையில் போட்டால் சாயங்காலம் வரை கொதிக்கும். எங்கள் டிஸ்பாட்ச் கிளார்க் பன்னிரண்டு மணிக்கே தன் டிபன் பாக்ஸை அதன் தலையில் ஏற்றிவிடுவார். சாப்பிடும்போது சாம்பார் ஆவி பறக்கும். இத்தனை வருஷமாக அதை நாங்கள் அந்த மிஷினின் நல்ல குணம் என்று நினைத்திருந்தோம்.

மேனேஜரை மூன்று நாள் நச்சரித்து, புதுசு வாங்க வைத்தேன். தட்டையான எல்.சி.டி. மானிட்டர்கள். பிரின்ட், ஜெராக்ஸ், ஃபேக்ஸ் மூன்றையும் ஒன்றே செய்கிற புது மிஷின். வேலை இல்லையென்றால் தானாகவே தூங்கிவிடுமாம். ஆரஞ்சு லைட் மினுக்கினால் தூங்குகிறது என்று அர்த்தம். கேட்கவே சுகமாக இருந்தது.

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வாரம் பாப்போம். லோடு குறைஞ்சா பேக்கிங்குக்கு லைன் குடுங்க. இல்லேன்னா அந்தப் பொண்ணை நீங்களே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பிடுங்க." நீங்களே என்பதை அழுத்திச் சொன்னார்.

பக்காவாக ஒரு ஏற்பாடு செய்தேன். ஆபீசில் எதையெதை அணைக்க வேண்டும் என்று நானே லிஸ்ட் எழுதினேன். பதினொரு மணிக்கு எல்லாரும் மிஷின் ஷாப் மீட்டிங்குக்குப் போய்விடுவோம். போகும்போது அவரவர் மானிட்டரை அணைத்துவிட வேண்டும். மறதி ஆசாமிகளுக்காக, லட்சுமம்மா பின்னாலேயே ஒரு சுற்று வந்துவிட வேண்டும். லட்சுமம்மா எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவர். கெலவரப்பள்ளிப் பக்கம் ஊர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரிடம் விவரம் சொல்லும் பொறுப்பை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை கரண்ட் போனது. அண்ணாச்சி டாங் டெஸ்டரைப் பிடித்தார். முகம் சுருங்கியது. "சார், கொறையலியே."

செவ்வாய்க்கிழமை, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு மீட்டிங்கிலிருந்து பாதியில் திரும்பி வந்தேன். காலி ஆபீசில் ஆறு மானிட்டரும் ஜெகஜோதியாக எரிகின்றன. தூங்க வேண்டிய ஜெராக்ஸ் மிஷின் முழித்துக்கொண்டு உறுமுகிறது. திட்டாமல் என்ன செய்வேன்? திட்டிய வேகத்தில் மிஷினை விற்ற பெங்களூர்ப் பையனுக்குப் போனைப் போட்டு அவனையும் ஒரு பிடி பிடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"சார், அது தானா எந்திரிக்காது சார். யாரோ எழுப்புறாங்க."

புதன்கிழமை, ஐம்பத்திரண்டு வயசில், ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். என் தொப்பைக்கு அந்த இடம் போதவில்லை என்பது வேறு விஷயம்.

பதினொன்று. கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. எல்லாரும் ஒழுங்காக மானிட்டரை அணைத்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே லட்சுமம்மா வந்தார், கையில் துணியோடு. முதல் மேசை. தூசி தட்டினார். மானிட்டர் பட்டனை அமுக்கினார். பச்சை லைட் வந்ததும் தலையாட்டினார். அடுத்த மேசை. அதே மாதிரி. ஆறும் முடித்துவிட்டு, ஆரஞ்சு மினுக்கிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினிடம் போனார். அமுக்கினார். அது முனகிக்கொண்டு எழுந்து பச்சை காட்டியது. அதன் முதுகில் செல்லமாக இரண்டு தட்டு தட்டி, வேலை முடிந்த திருப்தியில் கன்னடத்தில் "ஆய்த்து" என்றார்.

நான் அலமாரியிலிருந்து வெளியே வந்தேன். "என்ன லட்சுமம்மா பண்றீங்க?"

"அண்ணாச்சி சொன்னதுதாங்க சார். கரண்ட் போனா, ஆள் இல்லாத மேசையில எல்லாத்தையும் அமுக்கச் சொன்னாரு. பச்சை லைட்டு வர்ற வரைக்கும் அமுக்குறேன்."

"பச்சை வரணும்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? மிஷின் ஷாப்புல எட்டு வருஷம் கூட்டியிருக்கேனே. பச்சைன்னா நல்லா ஓடுது. ஆரஞ்சுன்னா ஏதோ கோளாறு, ஆளைக் கூப்பிடணும். இங்க இது பாட்டுக்கு ஆரஞ்சா மினுக்கிட்டுக் கெடக்குது, யாரும் கண்டுக்கிறதில்லை. நான்தான் சரி பண்ணிட்டு வர்றேன்."

அண்ணாச்சியை வரவழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யக்கா, நான் அமத்தத்தான சொன்னேன்."

"அதான் அமுக்குனேன்."

"அமுக்க இல்லக்கா, அமத்த. எங்கூர்ல லைட்டையும் அமத்துவோம், அடுப்பையும் அமத்துவோம். அமத்துன்னா அணைச்சிருன்னு அர்த்தம்."

எனக்குத் தருமபுரி. சத்தியமாக எனக்கும் அந்த வார்த்தை தெரியாது. லட்சுமம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார். "ஆர்பேய்னு சொல்லியிருந்தா தெலுங்குல செஞ்சிருப்பேன். ஆரிசுன்னா கன்னடத்துல செஞ்சிருப்பேன். ஆஃப்னு சொல்லியிருந்தா இங்கிலீஷ்லயே செஞ்சிருப்பேனே அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே, "இப்படி அமுக்கி அமுக்கி நாகவேணி ஃபேனுக்கு உலை வெச்சிட்டீங்களே லட்சுமம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாகவேணிக்கு என்ன?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். லோடு குறைந்தால் ஃபேன், குறையாவிட்டால் வீடு என்று. கேட்கக் கேட்க லட்சுமம்மாவின் முகம் கறுத்துவிட்டது. தினமும் மதியம் நாகவேணிக்கு மாங்காய் கீறி உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்தான்.

"எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே சார். பட்டனைத்தானே சொன்னீங்க."

சுருக்கென்றது. நம் ஆபீஸ்களில் இதுதானே நடக்கிறது? எந்தப் பட்டனை என்று எல்லாருக்கும் சொல்லிவிடுகிறோம். எதற்கு என்பதை மட்டும் ஏசி ரூம் மீட்டிங்கோடு முடித்துக்கொள்கிறோம். துணியோடு வருகிறவருக்கு அது தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? நான்தான்.

வியாழக்கிழமை லட்சுமம்மா ஆபீசை ஒரு கை பார்த்தார். மானிட்டர் போதாதென்று காலண்டர் மேல் எரிகிற ட்யூப்லைட், வாட்டர் கூலர், யாருமில்லாத பாத்ரூம் பல்பு எல்லாம் காலி. ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போகிறவர்களை, "அது தூங்குது, எழுப்பாதீங்க" என்று விரட்டினார். அண்ணாச்சி டாங் டெஸ்டரைப் பிடித்தார். முள் நன்றாக இறங்கியிருந்தது.

"போதுமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கூட இருக்கு சார்."

"எதுல?"

அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தெரிகிற காம்பவுண்டுச் சுவரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. லட்சுமம்மாதான் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க ரூம் ஏசி இருக்குதே சார்."

மானிட்டர் உண்டு, ஜெராக்ஸ் உண்டு, ட்யூப்லைட் உண்டு. நான் எழுதிய லிஸ்டில் என் ஏசி மட்டும் இல்லை. சத்தியமாக வேண்டுமென்று விடவில்லை. நினைவுக்கே வரவில்லை. அண்ணாச்சிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மனுஷங்க முன்னால் வாயைத் திறக்காதவன் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

"ஆர்பேயட்டா சார்?" என்று கேட்டார் லட்சுமம்மா. கை ஏற்கெனவே சுவிட்சில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. அரை மணி நேரம் என் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி ரூம், ஜன்னல் திறக்காது. கர்சீஃப் பிழிகிற பதத்துக்கு வந்ததும், வேலை இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன்.

ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு பேரும் வேலையில் இருந்தார்கள். நாகவேணி தன் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் காலையிலேயே சம்மதம் சொல்லிவிட்டார், எட்டாம் மாசம் முடியும்வரை அவள் இருக்கலாம், திரும்பி வரும்போது இடமும் இருக்கும் என்று. அவளுக்குத் தெரியுமா, யாராவது சொன்னார்களா என்று கேட்கத்தான் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் டேப்பைக் கீழே வைத்தாள்.

"என்னங்க சார், சட்டையெல்லாம் நனைஞ்சு போயிருக்குது. இப்பிடி வந்து உக்காருங்க. இந்த எடத்துலதான் காத்து நல்லா வரும்."

சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, தன் ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.

அவளை அதிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது... என் ஏசியில் ஒரு நாளும் அப்படிக் காற்று வந்ததில்லை.