ஆடு என்று சொன்ன குழம்பு

என் மகள், அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி, கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே மாவுருண்டைகளை வைத்து மூடினாள். அந்த வாசம் என்னைப் பென்டில் ஹில்லில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் குசினிக்குள் மாட்டிறைச்சி வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரு ஞாயிறு, அப்பா இதே குழம்பை வைத்தார். வேலையிடத்து நண்பர் சொல்லிக்கொடுத்ததாம். அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். குப்பை வாளியைக் கிளறி இறைச்சி வந்த பொட்டலத்தைத் தேடினார். அது என் புத்தகப் பைக்குள் இருந்தது.

"என்னப்பா, இது என்ன இறைச்சி?"

"ஆடுதான்," என்றார் அப்பா, தேவைக்கு மேல் சாதாரணமாக.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. மாவுருண்டைகளை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார். அந்தக் குழம்பிலேயே வெந்த உருண்டைகள். ஐந்து.

இன்று அம்மாவுக்கு எண்பது வயது. மெல்ல வந்து மூடியைத் திறந்தார்.

"இது என்ன இறைச்சி?"

"ஆடு, அம்மா," என்றேன்.

"கொப்பரும் இப்பிடித்தான் சொன்னவர்." கோப்பையை நீட்டினார். "எனக்கு உருண்டை மட்டும் போடு. குழம்பைக் கொஞ்சம் கூடவா விடு."